கடற்காகத்தின் பங்கு

பறவைகளும் மனிதர்களும் ஒரே பேச்சைப் பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், ஒருநாள் காலையில் கடற்கரையில் ஒரு சத்தம் கேட்டது. படபட, படபட. ஈரத்துணியை யாரோ மணலில் அடிக்கிறாற்போல. ஆனால் கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. ஊரை, கடலை, வானத்தை எல்லாம் மூடுபனி விழுங்கியிருந்தது.

முத்துப்பேச்சி சத்தம் வந்த பக்கமாகக் காலால் தடவித் தடவிப் போனாள். உப்புப் போட்டுக் காயவைத்த சாளை மீன்களின் மேல் அவள் ஒரு கிழிந்த வலையை விரித்து வைத்திருந்தாள். அதற்குள் ஒரு கடற்காகம் சிக்கிக் கிடந்தது. வெள்ளை உடம்பு, சாம்பல் இறக்கை, வாயில் பாதி மீன்.

“அகப்பட்டியா களவாணி!”

“மெதுவாப் பேசு தாயி,” என்றது அது, மீனை விழுங்கிவிட்டு. “பதறினா முள்ளு தொண்டையில மாட்டிக்கிடும்.”

அந்தக் காலத்துக் கடற்காகங்களுக்கு மெல்லிய, இனிமையான குரல். கரையில் இருந்த எல்லாருடைய பேரும் அவற்றுக்கு மனப்பாடம். திருடிக்கொண்டு போகும்போதுகூட, “பேச்சி, இன்னைக்கு உப்பு கம்மி” என்று சொல்லிவிட்டுத்தான் போகும். அதுதான் பெண்களுக்கு இன்னும் ஆத்திரம்.

பனிக்குள்ளிருந்து மாகாளி வந்தாள். பேச்சியின் புருஷன் மாசாணத்துக்கு அக்கா அவள்.

“பிடிச்சிட்டியாளா? கழுத்தைத் திருகிக் கம்புல கட்டித் தொங்கவிடு. மத்ததுக்குப் புத்தி வரும்.”

பேச்சியின் கை கழுத்துவரைக்கும் போய்விட்டது. அப்போதுதான் அவள் காதில் அலைச் சத்தம் விழுந்தது. இரண்டு பக்கமிருந்தும். அவள் கை அப்படியே நின்றது.

கரைக்குத் தெற்கே, கடலுக்குள், தண்ணீருக்கு அடியில் ஒரு பாறைத் திட்டு கிடந்தது. பார் என்பார்கள் அதை. பாரில் உடைகிற அலையும் கரையில் உடைகிற அலையும் பனிக்குள்ளிருந்து கேட்டால் ஒரே மாதிரிதான். மாசாணமும் ஊர் ஆண்களும் இருட்டோடு கட்டுமரங்களில் போயிருந்தார்கள். இது அவர்கள் திரும்பி வரும் நேரம். கரை என்று நினைத்துப் பாரின்மேல் ஏறினால் மரம் துண்டு துண்டாகிவிடும். ஆள் மிஞ்ச மாட்டான்.

கரையில் நின்று குரல் கொடுத்தால் தீர்ந்தது. ஆனால் அந்த ஊரில் அது ஆகாத காரியம். ஆள் கடலில் இருக்கும்போது கரையிலிருந்து யாரும் கூப்பிடக் கூடாது. மனிதக் குரல் கேட்டால் யாரைத் தேடுகிறார்கள் என்று கடலுக்குத் தெரிந்துவிடும், அப்புறம் கடலே அவனைக் கூப்பிட்டுக்கொள்ளும் என்று நம்பினார்கள். பெண்கள் பனையோலையைக் கொளுத்திப் பார்த்தார்கள். பனி அந்த வெளிச்சத்தையும் தின்றது. வாயைப் பொத்திக்கொண்டு நின்றார்கள்.

“என்னை விடு,” என்றது கடற்காகம். “பனி தாழத்தான் கிடக்கு. மேல போனா எல்லாம் தெரியும். எங்க கூட்டத்தைக் கட்டுமரத்துலேருந்து கரைவரைக்கும் வரிசையாப் பறக்க வைக்கிறேன். சத்தத்தைப் பிடிச்சுக்கிட்டே அவங்க வந்துரலாம்.”

“விட்டா பறந்துரும்,” என்றாள் மாகாளி. “இதோட வார்த்தையை நம்பி யாரு உலை வைக்கிறது?”

“அக்கா சொல்றது சரிதான்,” என்று ஒப்புக்கொண்டது கடற்காகம். “விட்டா நான் ஏன் திரும்பணும்? பங்கு குடு, வர்றேன்.”

“பங்கா? உனக்கா?”

“மரத்துக்கு ஒரு பங்கு, வலைக்கு ஒரு பங்கு, ஆளுக்கு ஒரு பங்குன்னு பிரிக்கிறீங்கல்ல? வழி காட்டுறவனுக்கும் ஒண்ணு. மீன் அரியும்போது முதல் கை எங்களுக்கு.”

பேச்சி இடுப்பிலிருந்த கத்தியை எடுத்தாள். மாகாளி, “ஏளா, ஏளா!” என்று தடுப்பதற்குள் வலையை அறுத்துவிட்டாள்.

“ஒண்ணே ஒண்ணு. அவுக பேரைச் சொல்லிக் கூப்பிட்டுறாதே. கடல் கேட்டுரும்.”

“பேரைச் சொல்லாம எப்படித் தாயி கூப்பிட?”

“பேச்சே வேண்டாம். சும்மா கத்து.”

கடற்காகம் திகைத்தது. அதன் இனத்தில் அதுவரை யாரும் சும்மா கத்தியதில்லை. இறக்கையை உதறிக்கொண்டு பனிக்குள் மறைந்தது.

“களவாணிக்குப் பங்கு பேசின ஒரே ஆளு நீதான்,” என்றாள் மாகாளி. பேச்சியின் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

வெகு நேரம் அலை மட்டும்தான். பிறகு எங்கோ தூரத்தில், வறண்ட, கீறின ஒரு குரல். க்யாவ்! அதற்குப் பதிலாகக் கொஞ்சம் இந்தப் பக்கம் இன்னொன்று. அப்புறம் இன்னொன்று. பனிக்குள் ஒரு கயிறு கட்டினாற்போல அந்தக் கத்தல் கடலிலிருந்து கரைவரைக்கும் நீண்டது. அந்தக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு துடுப்புச் சத்தம் வந்தது. முதல் கட்டுமரத்தின் மூக்கு மணலில் ஏறியது.

மாசாணம் குதித்து இறங்கினான். “என்ன பறவைடா இது! பார்ப்பாறைப் பக்கம் திரும்பினா முகத்துலயே வந்து அடிக்குது!”

பேச்சி அவன் ஈரத் தோளைத் தொட்டுப் பார்த்தாள். மறுபடியும் தொட்டுப் பார்த்தாள். கடைசி மரமும் கரையேறிய பிறகுதான் மாகாளி சத்தம் போட்டு அழுதாள், அழுதுகொண்டே சிரித்தாள்.

கடற்காகம் மணலில் இறங்கி, பேச்சியின் முன்னால் நின்று, பங்கு கேட்க வாயைத் திறந்தது. க்யாவ் என்றுதான் வந்தது. மறுபடி முயன்றது. க்யாவ். காலையெல்லாம் கத்தியதில் குரல் கிழிந்து பேச்சு போய்விட்டது. கூட்டம் முழுக்க அப்படித்தான். கடற்காகத்துக்கு அதில் வருத்தம் இருந்ததா என்று கேட்டுத் தெரிந்துகொள்ள இனி வழியில்லை.

“தெரியுது, தெரியுது,” என்றாள் பேச்சி. கை நிறைய மீனை அள்ளி வீசினாள்.

கடற்காகங்கள் படகைச் சுற்றிக் கத்திக்கொண்டே கரைவரைக்கும் கூட வருவது அன்று முதல்தான். துறைமுகத்து ஊர்களில் அவை கூரையில் எச்சமிடும், கூடையில் தலையை விடும், சாப்பிடுகிறவன் கையிலிருந்து வடையைப் பிடுங்கிக்கொண்டு போகும். ஊரே திட்டும். கல் மட்டும் எடுக்காது. மீன் அரிகிற பெண் முதலில் ஒரு கை குடலை அள்ளி, “இந்தா, தின்னு தொலை” என்று மேலே வீசுவாள். பிறகு விரலைத் துடைத்துக்கொண்டு அடுத்த மீனைக் கையில் எடுப்பாள்.