பூவராகனின் இருபத்தாறு கிலோ

"சைக்கிள் நகரவே மாட்டேங்குது," என்றார் பூவராகன். "எங்க தப்புன்னு நீங்கதான் சொல்லணும், குருவே."

"குருவும் வேணாம், கிருவும் வேணாம்," என்றாள் செங்கமலம். "பேரைச் சொல்லியே கூப்பிடுங்க சார்."

அவருக்கு வயது ஐம்பத்தாறு. அவளுக்கு முப்பத்துநாலு. வேதாரண்யத்து உப்பளக் கரையில், உப்புக் கொட்டி வைத்த பழைய கொட்டகை ஒன்றில் அவள் குடியிருந்தாள். பல நாள் சைக்கிள் பயணம் போக நினைப்பவர்கள் அவளைத் தேடி வருவார்கள். சிலர் கற்றுக்கொண்டு போவார்கள். சிலர் கோபித்துக்கொண்டு போவார்கள்.

உப்பு மூட்டை நிறுக்கும் தராசு கொட்டகையில் தொங்கிக்கொண்டிருந்தது. அவருடைய பைகளை ஒவ்வொன்றாக அதில் மாட்டினாள்.

"இருபத்தாறு கிலோ. சைக்கிளைச் சேர்க்காம."

"எல்லாம் தேவையான சாமான்தாம்மா."

"உப்புப் பொட்டலம் பன்னிரண்டு இருக்கு."

"வேர்வையில உப்பு போயிடும்னு படிச்சேன்."

செங்கமலம் வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தாள். கண்ணுக்கு எட்டிய தூரம் வரை வெள்ளை வெளேரென்று உப்பு குவிந்து கிடந்தது. பூவராகனும் பார்த்தார். காது மடல் சூடாகிவிட்டது.

முப்பது வருஷம் ஆலையில் ஸ்டோர் கீப்பராக இருந்தவர் அவர். எந்த நட்டு கேட்டாலும், எந்த பெல்ட் கேட்டாலும் "இல்லை" என்ற சொல் அவர் வாயிலிருந்து வந்ததில்லை. அதில் அவருக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

"மழைக்கோட்டு எங்க?"

"அடியில. பத்திரமா இருக்கு."

"மழை வந்ததும், பத்து நிமிஷம் பொறுன்னு அதுகிட்ட சொல்லுவீங்களா?"

அவளே பைகளைக் கவிழ்த்துத் திரும்ப அடுக்கினாள். கனமானதெல்லாம் சைக்கிள் சட்டத்தின் நடுவில், தாழ்வாகப் போனது. முதலில் தேவைப்படுவது மேலே வந்தது. முதுகில் மாட்டும் பையைச் சுவரில் ஆணியடித்து மாட்டிவிட்டாள்.

"எங்க போகணும்?"

"தேவிபட்டினம். தங்கச்சி வீடு."

"பஸ் இருக்கே."

"ரெண்டு தடவை பஸ்ல போனேன். அவ தெருமுனை வரைக்கும் போயிட்டு, அடுத்த பஸ்ல திரும்பிட்டேன்." பூவராகன் தரையைப் பார்த்துக்கொண்டு பேசினார். "நாலு நாள் மிதிச்சுப் போனா, திரும்பி வரக் காலும் வராது, மனசும் வராதுன்னு ஒரு கணக்கு."

"பேச்சு வார்த்தை இல்லையா?"

"ஒம்போது வருஷமா இல்ல. சனிக்கிழமை மகன்கிட்ட மஸ்கட் போறா. வீட்டையும் காலி பண்றா. இனிமே வரமாட்டா."

அன்று திங்கட்கிழமை.

"என்ன சண்டை?"

"சண்டையே இல்லம்மா," என்றார் அவர். "அதுதான் எனக்கும் புரியல."

மறுநாள் விடியலில் கிளம்பினார்கள். அவளும் உடன் வந்தாள்.

பாத்திகளில் நீர் அசையாமல் நின்றது. வானம் முழுக்க அதற்குள் இறங்கிக் கிடந்தது. நடுவில் மண் வரப்பு மட்டும் ஒரு கோடாகப் போயிற்று. மேலேயும் மேகம், கீழேயும் மேகம். மிதிக்கிறோமா மிதக்கிறோமா என்று பூவராகனுக்குச் சந்தேகம் வந்தது.

பனிமூட்டத்துக்குள் மூன்று குதிரைகள் நின்றுகொண்டிருந்தன. குட்டையான, பிடரி கலைந்த குதிரைகள். அவர் பிரேக் பிடித்தார். மூட்டம் நகர்ந்து மூடியது. விலகியபோது வெறும் கரைதான் இருந்தது.

"குதிரை நின்னுச்சா, எனக்குத்தான் அப்படித் தோணுச்சா?"

"எனக்கும் தோணுச்சு," என்றாள் செங்கமலம். "தண்ணி குடிங்க. தாகம் எடுக்கறதுக்கு முன்னாடியே குடிக்கணும்."

அன்று சாயங்காலம் ஒரு பள்ளிக்கூட வராந்தாவில் தங்கினார்கள். இடத்தை அவள்தான் கேட்டு வாங்கினாள். பக்கத்து வீட்டில் தண்ணீர் கேட்டாள். எதிர்வீட்டில் ஊசியும் நூலும் கேட்டாள். இன்னொரு வீட்டில், "கொழம்பு வாசனை தெருவே மணக்குது, கொஞ்சம் ஊத்துங்கக்கா," என்று கிண்ணத்தை நீட்டினாள்.

பூவராகனுக்குக் கூச்சம் பிடுங்கித் தின்றது.

"எங்கிட்ட ஊசி இருக்கும்மா. அடுப்பும் இருக்கு."

"தெரியும் சார்."

பிறகு ஒரு வேட்டியை விரித்தாள். பையிலிருந்த அத்தனையையும் அதில் எடுத்து வைக்கச் சொன்னாள். இன்று கை பட்டது வலது பக்கம். கை படாதது இடது பக்கம். இது அவளுடைய வழக்கம். அவளிடம் வந்த யாரும் இதிலிருந்து தப்பியதில்லை.

மொத்தம் அறுபத்தொரு சாமான். வலது பக்கம் பதினாலு.

"இடது பக்கம் கிடக்கிறது எல்லாம் பார்சல்ல வீட்டுக்குப் போயிடும்," என்றாள்.

"மருந்துப் பெட்டி கூடவா? பஞ்சர் ஒட்ற சாமான் கூடவா?" பூவராகன் பதறிப்போனார். "ஆபத்துக்கு?"

மருந்துப் பெட்டி, பஞ்சர் சாமான், உபரி டியூப், மழைக்கோட்டு. நான்கையும் அவளே எடுத்து வலது பக்கம் வைத்தாள்.

"இதையெல்லாம் தொடவே கூடாதுன்னு வேண்டிக்கிட்டு எடுத்துட்டுப் போகணும்."

"அப்ப மத்ததெல்லாம்?"

அவள் இடது பக்கத்துக் குவியலை மூட்டையாகக் கட்டினாள். அடுப்பு, கூடாரம், ஊசி, மடக்கு நாற்காலி, உள்ளே நுழைந்து படுக்கும் கம்பளிப்பை. அந்தக் கடற்கரைப் புழுக்கத்துக்குக் கம்பளிப்பை! தீனிப்பையையும் எடுக்கக் கை நீட்டியபோது மட்டும் பூவராகன் விடவில்லை. பேரீச்சை, கடலைமிட்டாய், முந்திரி உருண்டை என்று நாலு நாளைக்கு அளந்து வைத்திருந்தார்.

"இது இருக்கட்டும்மா. இது என் கையில இருக்கணும்."

"இருக்கட்டும்," என்றாள் அவள்.

இரண்டாம் நாள் சைக்கிள் லேசாகிவிட்டது. அவருக்குத்தான் என்னவோ கழற்றிப் போட்டதைப் போல இருந்தது. இல்லாத முதுகுப்பையின் வாரைத் தோளில் அடிக்கடி தடவிப் பார்த்துக்கொண்டார்.

மூன்றாம் நாள் நடு மதியம். காட்டுக்கருவேல மரங்களைத் தவிர ஒன்றுமில்லாத ரோடு. வெயிலில் தார் தண்ணீராக மின்னியது. பின் டயரிலிருந்து ஒரு நீண்ட பெருமூச்சு வந்தது.

பஞ்சர்.

பூவராகனுக்கு உள்ளூரச் சந்தோஷம்தான். உபரி டியூப் மூன்று வைத்திருக்கிறார் அல்லவா! சக்கரத்தைக் கழற்றி, பழைய டியூபை உருவி, புதியதை எடுத்தார். வால்வு ரிம் ஓட்டைக்குள் போகவில்லை. ஓட்டை மெலிசு, வால்வு தடிமன். இரண்டாவதை எடுத்தார். அதுவும் அதே ரகம். மூன்றாவதும் அப்படியே. ஒரே கடையில் மொத்தமாக வாங்கியது.

சரி, ஒட்டிவிடலாம் என்று சொல்யூஷன் டியூபைப் பிதுக்கினார். அது கல்லாக இறுகியிருந்தது. சரக்கு நல்ல சரக்குதானா என்று வீட்டிலேயே திறந்து பார்த்தவர், மூடியைச் சரியாகத் திருகாமல் விட்டிருக்கிறார். முப்பது வருஷ ஸ்டோர் கீப்பர்!

செங்கமலம் மர நிழலில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டாள்.

சைக்கிளில் விறகு ஏற்றி வந்த ஒருவர் நின்றார். "என்னங்க, ஏதாச்சும் வேணுமா?"

"ஒண்ணும் வேணாங்க. எல்லாம் இருக்கு," என்றார் பூவராகன்.

விறகுக்காரர் போய்விட்டார்.

ஆட்டோ ஒன்று வேகம் குறைத்தது. "பஞ்சரா சார்? டவுன்ல கொண்டுபோய் விடவா?"

"பரவால்லப்பா. பாத்துக்கிறேன்."

ஆடு ஓட்டி வந்த பெண் நின்றாள். "தண்ணியாவது குடிக்கிறீங்களா?"

"இருக்கும்மா, இருக்கு."

ஆடுகள் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போயின. வெயில் காதுக்குள் இரைந்தது. எவ்வளவு நேரம் நின்றாரோ, அவருக்கே தெரியாது. தூரத்தில் மின்னிய தாரிலிருந்து ஒரு மொபெட் மெல்ல எழுந்து வந்தது. பின்னால் மீன் பெட்டி.

மீன்காரர் எதுவும் கேட்கவில்லை. இறங்கினார், பார்த்தார், சீட்டுக்கு அடியிலிருந்து சொல்யூஷனை எடுத்தார். டியூபைத் தேய்த்தார், ஒட்டினார், காற்றும் அடித்துக் கொடுத்தார். எல்லாம் பத்து நிமிஷத்தில் முடிந்துவிட்டது.

கிளம்பப் போனவரைப் பூவராகன் ஓடிப்போய் நிறுத்தி, ஒரு முந்திரி உருண்டையை நீட்டினார். மீன்காரர் சட்டென்று வாங்கி வாயில் போட்டுக்கொண்டார்.

"அட, நெய்யில புடிச்சதா? இன்னொண்ணு குடுங்க, எம்பொண்ணுக்கு."

பூவராகன் நாலு உருண்டைகளை அள்ளிக் கொடுத்தார். மொபெட் மறையும் வரை பார்த்துக்கொண்டே நின்றார். முகமெல்லாம் சிரிப்பு.

செங்கமலம் எழுந்து வந்து தன் பையைத் திறந்து தண்ணீர் பாட்டிலை எடுத்தாள். அதற்குப் பக்கத்தில் புத்தம் புது சொல்யூஷன் டியூப் இருந்தது.

"உங்ககிட்ட இருந்துச்சா!"

"இருந்துச்சு."

"ஒரு மணி நேரமா வெயில்ல காயறேன். ஏம்மா சொல்லல?"

"நீங்க கேக்கலியே, சார்."

அவருக்குக் கோபம் வந்தது. சக்கரத்தை வெடுக்கென்று மாட்டி, பைகளை முறுக்கிக் கட்டினார். அவள் தண்ணீர் குடித்துவிட்டு, சாதாரணமாகக் கேட்டாள்.

"உருண்டையை அவரு வாங்கித் தின்னப்போ உங்களுக்கு எப்படி இருந்துச்சு?"

"ரொம்ப நல்லா இருந்துச்சு," என்றார் பூவராகன்.

"வேணாம்னு சொல்லியிருந்தா?"

பை வாரை இழுத்த கை அப்படியே நின்றுவிட்டது.

ஒன்பது வருஷத்துக்கு முன் புயல் அடித்தது. ஊரே இருட்டில் கிடந்தது. அவர் வீட்டில் மட்டும் மெழுகுவத்தி, அரிசி, மண்ணெண்ணெய் எல்லாம் இருந்தது. மூன்றாம் நாள் தங்கச்சி அலமேலு வந்தாள். விழுந்த மரங்களைத் தாண்டி, பாதி வழி நடந்தே வந்தவள். இடுப்பில் ஒரு தூக்குப் பாத்திரம், தலையில் ஒரு மூட்டை. கேட்டருகே நின்று, "புளிச்சோறு கிண்டிக்கிட்டு வந்தேண்ணே," என்றாள். அவர் பெருமையோடு சிரித்தார். "நம்ம வீட்ல இல்லாததா! எல்லாம் இருக்கு அலமு, ஒண்ணும் வேணாம். நீ எதுக்கு வீணா அலையறே?" என்றார். அவள் உள்ளே வரவில்லை. அப்படியே திரும்பி நடந்தாள்.

பூவராகன் ரோட்டோரத்தில் உட்கார்ந்துவிட்டார். ஐம்பத்தாறு வயது மனிதர் விக்கி விக்கி அழுதார். செங்கமலம் தேற்றவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, தார் மேல் ஓடும் கானலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெள்ளிக்கிழமை காலை, தொண்டியைத் தாண்டியதும் ஒரு பிரிவு ரோடு வந்தது. கடல் ஒரு பக்கம் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. செங்கமலம் சைக்கிளை நிறுத்தினாள்.

"நான் இப்படியே திரும்பறேன். உங்களுக்கு இன்னும் நாற்பது கிலோமீட்டர்."

"அங்க போய் என்ன பேசட்டும்மா?"

அவள் கையை நீட்டினாள்.

"தீனிப்பையைக் குடுங்க."

"எதுக்கு?"

"எனக்குப் பசிக்குது."

அவர் ஒரு பொட்டலத்தை எடுத்து நீட்டினார். அவள் கையை மடக்கவில்லை.

"எல்லாத்தையும்."

"காலையிலேருந்து நானும் ஒண்ணும் சாப்பிடலம்மா. நாற்பது கிலோமீட்டருக்கு நான் என்ன செய்யறது?"

செங்கமலம் பையை வாங்கித் தன் சைக்கிளில் மாட்டினாள். ஒரு பேரீச்சம்பழத்தை வாயில் போட்டுக்கொண்டு, வந்த வழியே மிதித்துப் போனாள். மூன்றாவது திருப்பத்தில் வெயில் அவளைக் கரைத்துவிட்டது.

பாவி மகள், என்று வாய்க்குள் திட்டிக்கொண்டே பூவராகன் கிளம்பினார்.

பதினைந்தாவது கிலோமீட்டரில் ஒரு இட்லிக் கடை வந்தது. ஆவி பறந்தது. வயிறு குடைந்தது. இறங்கி, ஸ்டாண்டு போட்டு, பெஞ்சில் உட்கார்ந்தார். கடைக்காரர் இலையைப் போட்டார். தண்ணீரும் தெளித்தார்.

பூவராகன் அந்த இலையையே பார்த்துக்கொண்டிருந்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

"என்னங்க, எத்தனை இட்லி வைக்கட்டும்?"

"மன்னிச்சுக்கோங்க," என்று எழுந்து, சைக்கிளில் ஏறிக்கொண்டார்.

அதன் பிறகு ரோடு கனவில் போவதைப் போலப் போயிற்று. கால் தானாக மிதித்தது. பனை மரங்கள் அருகில் வந்து நின்று, வழி விட்டு விலகின. வயிற்றுக்குள் இருந்த பள்ளம் மட்டும் நிஜமாக இருந்தது.

மதியம் தாண்டி, தெருமுனை வந்தது. இந்தத் தடவை கால் நிற்கவில்லை.

கதவு திறந்திருந்தது. கூடத்தில் கயிறு கட்டிய பெட்டிகள். அலமேலு வாசலுக்கு வந்தாள். தலை முக்கால்வாசி நரைத்திருந்தது. அவரைப் பார்த்தாள். சைக்கிளைப் பார்த்தாள். புழுதி படிந்த அவர் காலைப் பார்த்தாள்.

"சைக்கிள்லயா வந்தே?"

"ஆமா."

அவள் முகத்தை எங்கேயோ திருப்பிக்கொண்டு, வழிப்போக்கரைக் கேட்பதைப் போலக் கேட்டாள்.

"சாப்பிட்டாச்சா?"

ஆச்சு என்ற சொல் பூவராகனின் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. பல்லைக் கடித்து அதை உள்ளே தள்ளினார்.

"இல்ல அலமு. காலையிலேருந்து ஒண்ணுமே சாப்பிடல. எங்கிட்ட எதுவும் இல்ல. பசிக்குது. ஏதாச்சும் போடு."

அலமேலு நிலைப்படியைப் பிடித்துக்கொண்டாள். பிறகு இறங்கி வந்து, அவர் கையிலிருந்த சைக்கிளை வெடுக்கென்று பிடுங்கிச் சுவரில் சாய்த்தாள்.

"போய்க் கையைக் கழுவிட்டு வாண்ணே," என்றாள், அழுதுகொண்டே.