இரண்டு தோளிலும் விழாத பூ

செம்மண் மக்கள் கட்சியின் தலைமை அலுவலகத்தைக் கூட்டிப் பெருக்குவதுதான் பாவாத்தாள் அம்மையாரின் தொழில். கட்சிக்காரர்கள் குடித்துப் போட்ட தேநீர்க் குவளைகளையும் கிழித்தெறிந்த துண்டறிக்கைகளையும் மூலை மூலையாகத் துப்பி வைத்த வெற்றிலைச் சாற்றையும் முகம் சுளிக்காமல் துப்புரவு செய்வார். ஆனால் அவருடைய நாள் அங்கே தொடங்குவதில்லை. விடியும்போதே வாய்க்கால் கரையில் செவ்வரளி பறித்து, அலுவலகத்துக்கு எதிரே இருந்த செல்லாண்டியம்மன் கோயிலுக்குக் கொண்டு வந்துவிடுவார். அவர் கொடுக்கும் பூவைத்தான் பூசாரி முதலில் அம்மனுக்குச் சாத்துவார். அதைக் கண்ணாரப் பார்த்த பிறகே அம்மையார் விளக்குமாற்றைத் தொடுவார். கணவரை அடக்கம் செய்த மறுநாள்கூட அந்தப் பூ தவறவில்லை.

"இத்தன வருசமாப் பூக் குடுக்கறயே பாவாத்தக்கா, அம்மன் உனக்கு என்ன பதவி குடுத்துச்சு?" என்று கட்சிக்காரர்கள் கேலி பேசுவார்கள்.

"கூட்டற பதவிதானுங்க. அதுக்கு மட்டுந்தான் யாரும் போட்டிக்கு வர்றதில்ல" என்று சிரித்துக்கொண்டே போய்விடுவார்.

இப்படியிருக்கையில் கட்சித் தலைவர் காலமானார். சிதை ஆறுவதற்குள் நாற்காலிச் சண்டை மூண்டுவிட்டது. "எங்கப்பா கட்சி எனக்குத்தான்" என்றார் மகன் மருதவேல். "செவுத்துல பசை தடவித் தடவி வளத்தவன் நான்" என்றார் பொதுச்செயலாளர் திருமூர்த்தி. காலையில் அவர் இவரைக் கட்சியை விட்டு நீக்கினார். மாலையில் இவர் அவரை நீக்கினார். அலுவலகக் கதவில் ஆளுக்கொரு பூட்டுத் தொங்கியது. எந்தப் பக்கம் பார்த்துக் கும்பிடுவதென்று தெரியாமல் தொண்டர்கள் கூப்பிய கையோடு தெருவில் அலைந்தார்கள்.

மூத்தவர்கள் கூடி ஒரு வழி சொன்னார்கள். மறைந்த தலைவர் அம்மனிடம் பூக் கேட்காமல் எந்தக் காரியத்திலும் இறங்கியதில்லை; இப்போதும் அப்படியே கேட்போம் என்றார்கள். ஈரப்பூ இரண்டை அம்மனின் தோள்களில் ஒட்டி வைக்க வேண்டும். வலத்தோள் பூ முதலில் விழுந்தால் மருதவேல் தலைவர். இடத்தோள் பூ விழுந்தால் திருமூர்த்தி. இரு தரப்பும் மறுபேச்சில்லாமல் ஒப்புக்கொண்டன. எதற்குமே ஒத்துப்போகாதவர்கள் இதற்கு மட்டும் ஏன் ஒத்துப்போனார்கள் என்று ஒருவருக்கும் உறைக்கவில்லை.

பூக் கொண்டு வருபவர் பாவாத்தாள் அல்லவா? மருதவேலின் ஆள் அவரைத் தேடி வந்தார்.

"எடத்தோள் பூவுல துளி போஸ்டர் பசை தடவிக் குடு, போதும். உன்ற வேலைக்கு நான் பொறுப்பு."

அவர் தலை மறைந்ததும் திருமூர்த்தியின் ஆள் வந்தார். அவருக்கு வலத்தோள் பூவில் பசை வேண்டியிருந்தது.

இருவருக்கும் அம்மையார் ஒரே பதிலைத்தான் சொன்னார். "அம்மனுக்கு வெக்கற பூவுல பசை தடவ மாட்டனுங்க. வேலை போனாப் போவட்டும்."

வேலை போயிற்று. பாவாத்தாள் எதிரணிக்கு விலை போய்விட்டாள் என்று இரு தரப்புமே ஊரெல்லாம் பரப்பின. கோயில் வாசலில் மூங்கில் தடுப்புக் கட்டி, அவரை உள்ளே விடக்கூடாது என்றும் சொல்லி வைத்தார்கள். வேலை போனதற்கு அம்மையார் கலங்கவில்லை. தன் பூ இனி அம்மனைச் சேராதோ என்ற ஒரே நினைப்புதான் அவரை வாட்டியது.

பூக் கேட்கும் நாளில் கடைவீதியிலிருந்து பூ வந்தது. பூசாரி இரு தரப்புக்கும் தலையாட்டி வைத்திருந்தார். பாவம், அவருக்கும் பயம். இரண்டு பூவிலும் பசை தடவி இரண்டு தோளிலும் ஒட்டினார்.

நேரம் போனது. பூ விழவில்லை. மருதவேல் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தபடி எழுந்தார், உட்கார்ந்தார், மறுபடி எழுந்தார். திருமூர்த்தி கைப்பேசியைக் காதில் வைத்துக்கொண்டு யாரிடமும் பேசாமல் நடந்தார். எதிராளி செய்த வேலை இருவருக்குமே புரிந்துவிட்டது. ஆனால் பசை என்று வாயெடுத்தால் தன் குட்டும் உடையுமே! வெயில் உச்சிக்கு ஏறியது. பூக்கள் வாடிச் சுருண்டும் கல்லை விடவில்லை. கூட்டத்தில் யாரோ யாரையோ தள்ள, நாற்காலிகள் பறந்தன. மூங்கில் தடுப்பு முறிந்து விழுந்தது.

தடுப்புக்கு வெளியே விடியற்காலையிலிருந்து கையில் ஒரே ஒரு அரளியோடு நின்றிருந்தார் அம்மையார். சண்டை அவர் கண்ணில் படவேயில்லை. கருவறைப் படிக்கு ஓடினார்.

"ஆத்தா, நேரமாயிப் போச்சு. யாரு வேணும்னாலும் தலைவராகட்டும். உன்ற பூவ மட்டும் வாங்கிக்க" என்று சொல்லிப் பூவைப் படியில் வைத்தார்.

அந்தக் கணமே அம்மனின் இரு தோள்களிலிருந்தும் இரண்டு பூக்களும் ஒன்றாகக் கழன்றன. உருண்டு வந்து அவர் பூவுக்குப் பக்கத்தில் கிடந்தன. காம்புகளில் பசை வெள்ளையாகக் காய்ந்திருந்தது. வாழ்நாளெல்லாம் சுவரொட்டி ஒட்டிய தொண்டர்களுக்கு அந்தப் பசையை யாரும் அடையாளம் காட்ட வேண்டியதில்லை. ஓங்கிய கைகள் அப்படியே நின்றன. எல்லோரும் மருதவேலையும் திருமூர்த்தியையும் திரும்பிப் பார்த்தார்கள். அவர்கள் தரையைப் பார்த்தார்கள்.

"அம்மன் காட்டின தலைவி இவங்கதான்!" என்று ஒருவர் கத்த, கூட்டம் அதையே பிடித்துக்கொண்டது. மாலையோடு முண்டியடித்து வந்தார்கள்.

அம்மையார் கைகூப்பினார். "எனக்கு எதுவும் வேண்டாமுங்க. அந்த ரெண்டு பூட்டையுந் தொறந்து உடுங்க. உள்ள குப்பை அப்படியே கெடக்குது."

மருதவேலும் திருமூர்த்தியும் சாவிகளை எடுத்து நீட்டினார்கள். பிறகு யார் தலைவரானார் என்பது இந்தக் கதைக்கு வேண்டாத சேதி. பூசாரி கண்ணீரோடு படியில் கிடந்த அரளியை எடுத்து அம்மனின் முடியில் சாத்தினார். அதைக் கண்ணாரப் பார்த்துவிட்டுத்தான் அம்மையார் விளக்குமாற்றைத் தேடிப் போனார். பதவி கேட்டு நின்றவர்களுக்கு அசையாத அம்மனை, ஒன்றும் கேட்காமல் அசைத்த அந்தக் கைகளை நாமும் கும்பிடுவோம்.