நடு ஆற்றில் நின்ற ஓடம்

முன்னொரு காலத்தில், அரண்மனையிலிருந்து ஒரு கேள்வி வந்தால் மக்கள் கொட்டாவி விடாமல் பதில் சொல்லிக்கொண்டிருந்த காலத்தில், ஓர் ஆற்றின் தென்கரையில் ஒரு நாடு இருந்தது. அதன் ராஜா உத்தண்டர். வடகரையில் ஆறு சிற்றரசுகள். ஏழு நாட்டுக்கும் பொதுவாக ஒரு சபை, வடகரையில் பொதுவாக ஒரு சந்தை, எல்லோருக்கும் ஒரே மரக்கால், ஒரே எடைக்கல். போக வர ஒரு பெரிய ஓடம். சண்டை சச்சரவே இல்லை என்று சொல்ல மாட்டேன். இருந்தது. ஆனால் ஓடம் ஓடியது.

ஒரு வருஷம் சபைத் திருவிழாவில் உத்தண்டருக்குக் கடைசியாகச் சந்தனம் கொடுத்துவிட்டார்கள். கிண்ணத்தில் மிச்சமிருந்ததே கொஞ்சம். அதிலும் தண்ணீர் கலந்திருந்ததாம். ராஜா சிவந்த முகத்தோடு அரண்மனைக்குத் திரும்பினார்.

"இந்தச் சபையில் நாம் சேர்ந்திருப்பதா, பிரிவதா? மக்களையே கேட்டுவிடுவோம்!" என்றார்.

கேட்பதற்கு அந்த நாட்டில் ஒரு வழக்கம் உண்டு. அரண்மனை வாசலில் இரண்டு குடங்களை வைப்பார்கள். ஒன்றில் சுண்ணாம்பு பூசியிருக்கும், இன்னொன்றில் செம்மண். ஆளுக்கொரு புளியங்கொட்டை கொண்டுவந்து பிடித்த குடத்தில் போட வேண்டும். அந்தத் தடவை சேர்ந்திருக்க வெள்ளைக் குடம், பிரிய செம்மண் குடம். ஊரே திரண்டு வந்தது. அண்ணன் ஒரு குடத்திலும் தம்பி ஒரு குடத்திலும் போட்டுவிட்டு, வீட்டுக்குப் போய் முகம் கொடுத்துப் பேசாமல் சாப்பிட்டார்கள். கொட்டிப் பார்த்தால் செம்மண் குடத்தில் ஒரு கைப்பிடி அதிகம்.

பிரிவதென்று ஆயிற்று. எப்படிப் பிரிவது என்றுதான் ஒருவருக்கும் தெரியவில்லை.

"சபையை விட்டால் சந்தையையும் விட வேண்டும்" என்றார் பிரதானி வைகுந்தநாதர். "சபையை விடலாம், சந்தையை விடுவானேன்?" என்றார் தளவாய். எடைக்கல்லை உடைப்பதா வைத்துக்கொள்வதா என்று பேச ஆரம்பித்தவர்கள், பேசிப் பேசியே நாளைக் கடத்தினார்கள். கடைசியில் ராஜா நெற்றியைத் தேய்த்துக்கொண்டு ஓர் ஆணை பிறப்பித்தார்.

"மக்களை மறுபடி கேட்போம். முடிவு தெரியும் வரை ஓடம் எந்தக் கரைக்கும் சாதகமாக நிற்கலாகாது. நடு ஆற்றில் கட்டுங்கள். கேட்காமல் அது நகரக் கூடாது. ஒரு தடவை கேட்டாலும் போதாது. மனம் மாறியிருக்கலாம் அல்லவா? திரும்பவும் கேட்க வேண்டும்."

அரசவையில் எல்லோரும் ஆகா என்றார்கள். விகடகவி பிச்சாண்டான் மட்டும் தும்மினான்.

ஓடம் நடு ஆற்றில் நங்கூரம் போட்டு நின்றது. ஓடக்காரன் நல்லமாடன் அதிலேயே சோறு பொங்கித் தின்றுகொண்டு உட்கார்ந்திருந்தான். பரிசல்களைக் கவிழ்த்துப் போட்டுக் கரையெல்லாம் காவல் வைத்தார்கள். குடம் மட்டும் திரும்பத் திரும்ப வாசலுக்கு வந்தது. எப்படிப் பிரிவது என்று ஒரு தடவை. பிரியத்தான் வேண்டுமா என்று ஒரு தடவை. போன தடவை கேட்ட கேள்வி புரிந்ததா என்றுகூட ஒரு தடவை கேட்டார்கள்! பல்லாங்குழிக்குக் கொட்டை இல்லாமல் பிள்ளைகள் கூழாங்கல் பொறுக்கின.

பிச்சாண்டானின் வீட்டுக்கு அடுத்த வீட்டில் சிலம்பாயி என்று ஒருத்தி இருந்தாள். அவல் இடித்து விற்கிறவள். ஒரே மகள் அரியநாச்சியை வடகரையில் கட்டிக் கொடுத்திருந்தாள். முதல் தடவை குடம் வைத்தபோது மகளுக்கு மசக்கை என்று சேதி வந்தது. அடுத்த தடவைக்குள் ஓடம் நின்றுபோயிற்று. அதற்கடுத்த தடவை அரியநாச்சி வடகரையில் வந்து நின்று வயிற்றைத் தொட்டுக் காட்டினாள். தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான். அழைத்து வர வேண்டிய தாய் இந்தக் கரையில் நின்றாள். வளைகாப்புக்கு வாங்கிய வளையல்கள் நூல் பிரிக்காமல் பெட்டிக்குள்ளேயே கிடந்தன.

"நான் முதல்ல செம்மண் குடத்துலதான் போட்டேன், தம்பி" என்றாள் பிச்சாண்டானிடம். "எதிர்வீட்டுக்காரி வெள்ளையில போட்டா. அதுக்காக ரெண்டு பேரும் தலைமுடியைப் பிடிக்காத குறையாச் சண்டை போட்டோம். இப்ப ரெண்டு பேரும் ஒண்ணா உக்காந்து அழுதுக்கிட்டிருக்கோம். சேருதோ பிரியுதோ, எதையாவது ஒண்ணைச் செஞ்சு தொலைக்கச் சொல்லேன் உங்க ராஜாவை. எம் பொண்ணுக்கு மாசம் ஆயிருச்சு."

பிச்சாண்டானுக்குச் சிரிப்பு வரவில்லை. விகடம் பேசிப் பிழைக்கிறவனுக்கு அது நல்லதல்ல.

அந்த வாரம் மறுபடி தண்டோரா போட்டார்கள். மாலையில் ராஜா குடங்களை எட்டிப் பார்த்தார். ஒன்றில் சிலந்தி வலை கட்டியிருந்தது. இன்னொன்றில் காவலாளி தன் வெற்றிலைப் பையை வைத்திருந்தான். ஒரு கொட்டைகூட விழவில்லை.

ராஜாவுக்கு வந்த கோபத்தில் வெற்றிலைப் பை பறந்தது. பிரதானிக்கோ உள்ளூர மகிழ்ச்சி. பிச்சாண்டான் ஒரு வார்த்தை பேசினால் ராஜா சிரிக்கிறார், தாம் ஒரு நாள் முழுக்கப் பேசினாலும் தூங்குகிறார் என்று அவருக்கு நெடுநாளைய வயிற்றெரிச்சல்.

"பிரபு, இதற்கெல்லாம் காரணம் இந்த விகடகவிதான். இவன் தும்முவதைப் பார்த்துத்தான் ஜனங்களுக்கு இளக்காரம் வந்தது. இவன் அவர்களோடு பழகுகிறவன். இவனே போய்ப் பதில் வாங்கி வரட்டும். இரண்டுபட்ட பதில் வேண்டாம். எல்லா வாயிலிருந்தும் ஒரே பதில் வர வேண்டும். நாளை மாலைக்குள் கொண்டுவராவிட்டால் நாட்டை விட்டுப் போகட்டும்."

"அப்படியே ஆகுக!" என்றார் ராஜா.

அண்ணன் தம்பியே பேசிக்கொள்ளாத ஊரில் ஒரே பதில்! பிச்சாண்டான் பிரதானியைப் பார்த்தான், ராஜாவைப் பார்த்தான். பிறகு பெருமூச்சு விட்டுக் கைகூப்பினான்.

"உத்தரவு, பிரபு. ஆனால் அந்தப் பதில் வாசலில் கிடைக்காது. ஓடத்தில்தான் கிடைக்கும். நாளைக் காலை தாங்களும் பிரதானியாரும் தளவாயும் அங்கே எழுந்தருள வேண்டும். குடங்களும் வரட்டும்."

வீட்டுக்குப் போகும் வழியில் தெருத் தெருவாகச் சொல்லிக்கொண்டே போனான். "நாளைக்கு எல்லாரும் ஆத்தங்கரைக்கு வாங்க. புளியங்கொட்டை எதுவும் வேண்டாம். கட்டுச்சோறு கட்டிக்கிட்டு வாங்க. நீங்க வேடிக்கை பாத்தாப் போதும்."

கொட்டை வேண்டாம் என்ற ஒரு சொல்லுக்கே ஊர் முழுக்கக் கரைக்கு வந்துவிட்டது.

மறுநாள் ராஜாவும் பரிவாரமும் அரண்மனைப் பரிசலில் போய் ஓடத்தில் ஏறினார்கள். பரிசல்காரனை, ராஜாவுக்கு மோர் கொண்டு வா என்று பிச்சாண்டான் திருப்பி அனுப்பினான். காவலர்கள் அவனைக் கரையிலேயே பிடித்துக்கொண்டார்கள். பரிசல் ஓடக் கூடாது என்பது ஆணையல்லவா?

"எங்கே பதில்?" என்றார் ராஜா.

"வந்துகொண்டே இருக்கிறது, பிரபு."

வெயில் ஏறியது. ஓடத்தில் நிழல் இல்லை. மோரும் வரவில்லை. ராஜா கிரீடத்தைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"போதும். ஓடத்தைக் கரைக்கு விடு" என்றார் நல்லமாடனிடம்.

நல்லமாடன் எழுந்து கும்பிட்டான். "கேக்காம நகத்தக் கூடாதுன்னு உத்தரவு, சாமி. நகத்துனா என் தலை போயிரும்."

"உண்மைதான், பிரபு" என்று பிச்சாண்டான் மடியிலிருந்து புளியங்கொட்டைகளை எடுத்து ஆளுக்கொன்று கொடுத்தான். "தென்கரை என்றால் வெள்ளைக் குடம். வடகரை என்றால் செம்மண்."

ராஜா பல்லைக் கடித்துக்கொண்டு போட்டார். எல்லோரும் போட்டார்கள். தென்கரை என்று ஆயிற்று.

"நல்லது. தென்கரையில் எந்தத் துறை? அரண்மனைத் துறையா, கோயில் துறையா?"

அரண்மனைத் துறை என்றார் பிரதானி. அங்கே சேறு, கோயில் துறைதான் என்றார் தளவாய். அரண்மனைத் துறையை இகழ்வது அரசரையே இகழ்வதாகும் என்றார் பிரதானி. தளவாய் வாளின் பிடியைத் தொட்டார். மறுபடி கொட்டை கொடுத்தான் பிச்சாண்டான். இரண்டு குடத்திலும் சமமாக விழுந்தது.

அதற்குள் உச்சிப்பொழுது. கரையில் ஜனங்கள் மூட்டையைப் பிரித்தார்கள். புளியோதரை வாசம் காற்றோடு ஓடத்துக்கு வந்தது. ராஜாவின் வயிறு கூப்பிட்டது, பரிவாரம் முழுக்கக் கேட்கும்படி.

"சரி, கோயில் துறை! நான் சொல்கிறேன்!"

"தங்கள் சித்தம், பிரபு. ஆனால் முதலில் தென்கரை என்று சொல்லி நெடுநேரம் ஆயிற்று. மனம் மாறியிருக்கலாம் அல்லவா? திரும்பவும் கேட்க வேண்டும் என்று ஆணை இருக்கிறதே. தென்கரையா, வட..."

ராஜா துள்ளி எழுந்தார். மடியிலிருந்த கிரீடம் உருண்டது.

"எந்தக் கரையானால் என்ன! எந்தத் துறையானால் என்ன! கேட்டுக் கேட்டே கொல்கிறாயே! எதையாவது ஒன்றைச் செய்து தொலை!"

தண்ணீர் மேல் குரல் நன்றாகவே போயிற்று. கரையில் சோற்றில் வைத்த கைகள் அப்படியே நின்றன. பிச்சாண்டான் ஓடத்தின் முனைக்குப் போய்க் கைகளைக் குவித்துக் கத்தினான்.

"ராஜா சொன்னது காதுல விழுந்துச்சா? நீங்க என்ன சொல்றீங்க?"

"அதைத்தானே நாங்களும் சொல்றோம்!" என்று கரை முழுக்க இடி மாதிரி வந்தது. வெள்ளைக் குடத்துக்காரர்களும் கத்தினார்கள், செம்மண் குடத்துக்காரர்களும் கத்தினார்கள். எல்லாருக்கும் முன்னால் இடுப்பளவு தண்ணீரில் நின்று கத்தியவள் சிலம்பாயி.

பிச்சாண்டான் திரும்பிக் கைகட்டி நின்றான். "எல்லா வாயிலிருந்தும் ஒரே பதில், பிரபு. தங்கள் திருவாயும் சேர்த்து."

ராஜா அவனைப் பார்த்தார். உருண்டு கிடந்த கிரீடத்தைப் பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். ஓடமே ஆடியது. சிரித்து முடித்தபோது அவர் முகத்தில் களைப்புத் தெரிந்தது.

"முதல் தடவையே கேட்டேன், சொன்னார்கள். அதைச் செய்வது என் வேலை. செய்யத் தெரியாமல் திரும்பத் திரும்ப அவர்கள் தலையிலேயே கட்டினேன்" என்றார். "சபையை விட்டு விலகுகிறோம். சந்தையில் சுங்கம் கேட்டால் கொடுப்போம். அதனால் வரும் நஷ்டத்துக்கு நான் பொறுப்பு. நல்லமாடா, நங்கூரத்தை எடு. இனி உன் ஓடத்தை ஒருவரும் நிறுத்த மாட்டார்கள்."

வெள்ளைக் குடத்துக்காரர்களின் முகம் வாடியது. அழுதவர்களும் உண்டு. செம்மண் குடத்துக்காரர்களுக்கும், இவ்வளவு இழுத்தடித்த பிறகு கிடைத்ததில் ருசி இல்லை. ஆனாலும் எல்லோரும் கையைக் கழுவிவிட்டு வேலைக்குப் போனார்கள். நாற்று விட வேண்டிய நாள் எப்போதோ தாண்டியிருந்தது.

ராஜாவை இறக்கிவிட்ட கையோடு ஓடம் சிலம்பாயியை ஏற்றிக்கொண்டு வடகரைக்குப் போயிற்று. சாயங்காலம் தாயும் மகளுமாகத் திரும்பினார்கள். ஓடம் இவ்வளவு நாள் நின்றிருந்த அதே இடத்துக்கு வந்தபோது அரியநாச்சிக்கு வலி கண்டுவிட்டது. உடன் வந்த பெண்கள் சேலையை மறைப்பாகப் பிடித்தார்கள். நல்லமாடன் துடுப்பைப் பிடித்தபடி வேறு பக்கம் திரும்பிக்கொண்டான். ஓடம் கோயில் துறையைத் தொடுவதற்குள் குழந்தையின் அழுகுரல் கரைக்கு வந்துவிட்டது. பெண் குழந்தை. சிலம்பாயி அதைத் தன் மாராப்பில் சுற்றிக்கொண்டு இறங்கினாள். வளையல்களை இனி யாருக்குப் போடுவது என்று கேட்டு அழுதாள், சிரித்தாள்.

ராஜாவோடு துறைக்கு வந்திருந்த பிரதானி தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"பிரபு, குழந்தை நடு ஆற்றில் பிறந்திருக்கிறது. நாமோ இன்றுதான் பிரிந்திருக்கிறோம். இது நம் பிரஜையா, அவர்கள் பிரஜையா? எதற்கும் மக்களை ஒரு வார்த்தை..."

துறையில் இருந்த அத்தனை பேரும் திரும்பி அவரைப் பார்த்தார்கள். பிரதானி மீதி வார்த்தைகளை விழுங்கினார்.

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு தாமே ஓடத்தில் ஏறி இரண்டு குடங்களையும் எடுத்து வந்து சிலம்பாயியின் முன் வைத்தார். "பிள்ளை பெற்ற வீட்டுக்குக் குடம் வேண்டியிருக்குமே, தாயே" என்றார். கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றிப் பிச்சாண்டானுக்குப் போட்டார். "வேறென்ன வேண்டும்? கேள்."

"கேட்கவா?" பிச்சாண்டான் நடுங்குவது போல் பின்வாங்கினான். "பிரபு, அந்தப் பேச்சையே விட்டுவிடுவோம். நான் போய்த் தூங்குகிறேன்."

மாலையோடு வீட்டுக்குப் போய்ப் பாயை விரித்தான். அடுத்த வீட்டில் செம்மண் குடத்தில் குழந்தைக்கு வெந்நீர் காய்ந்துகொண்டிருந்தது. வெள்ளைக் குடத்தில் எதிர்வீட்டுக்காரி தண்ணீர் சுமந்து வந்து ஊற்றிக்கொண்டிருந்தாள்.