எட்டு கிராம்

“இனி இதுல குறைக்க ஒண்ணுமே இல்லீங்க மாஸ்டர்,” என்றார் ஆறுச்சாமி.

ஜெசிந்தா அவர் நீட்டிய குட்டி விமானத்தை வாங்கித் தராசில் வைத்தாள். நாற்பத்தெட்டு கிராம்.

“நாப்பதுக்கு வரணுமுங்க அண்ணா.”

மாஸ்டருக்கு வயது முப்பது. சீடருக்கு அறுபத்திரண்டு.

இடம் கோயம்புத்தூரில் ஒரு ஷட்டில் கோர்ட். ஞாயிறு மதியம் ஆட ஆள் வராது என்பதால், ரிமோட் விமானம் விடுகிற ஏழெட்டுப் பேருக்கு இரண்டு மணி நேரம் திறந்துவிடுவார்கள். கனத்த விமானம் வேகமாகப் போனால்தான் மேலே நிற்கும். வேகமாகப் போனாலோ, திரும்புவதற்குள் சுவர் வந்துவிடும். ஆறுச்சாமியின் விமானம் இரண்டு முறை சுவரில் முட்டி, ஒரு விளக்கையும் உடைத்திருந்தது. இன்னொரு தடவை முட்டினால் அடுத்த வாரம் வர வேண்டாம் என்று கோர்ட்டுக்காரர் சொல்லிவிட்டார்.

வராவிட்டால் என்ன, குடியா முழுகிவிடும்?

அவருக்கு முழுகிவிடும். மனைவி போன பிறகு, பால்காரரை விட்டால் அவர் காதில் மனிதக் குரல் விழுவது இங்கேதான். விழுவதோடு சரி. அவராக வாய் திறப்பது அபூர்வம்.

“பெயிண்டைச் சுரண்டிட்டேனுங்க. பேட்டரியைச் சின்னதா மாத்திட்டேன். பசையைக்கூட குண்டூசி முனையில தொட்டுத்தான் வெச்சேன்.”

ஜெசிந்தா விமானத்தின் அடியைத் தொட்டுக் காட்டினாள்.

“சக்கரமுங்களா? அது இல்லாம எப்படிங்க இறங்கும்?”

“மத்தவங்களுது எப்படி இறங்குது?”

மற்றவர்களுடையதில் சக்கரம் கிடையாது. பேட்டரி தீரப்போகும்போது “பிடி!” என்று கத்துவார்கள். பக்கத்தில் இருப்பவர் ஓடிவந்து ஏந்திக்கொள்வார். அதைச் சின்னஞ்சிறுசுகளின் கும்மாளம் என்று ஆறுச்சாமி இதுவரை ஒதுக்கி வைத்திருந்தார்.

“நான் மொட்டை மாடியில தனியா விட்டுப் பழகினவனுங்க. அதுவா இறங்கி என் காலடிக்கே உருண்டு வந்துரும். யாருக்கும் தொந்தரவு இல்லீங்க.”

“குருவி தலையில பனங்காய்,” என்றாள் ஜெசிந்தா.

கட்டரை எடுத்தாள். கம்பியோடு சக்கரங்கள் தரையில் விழுந்து ஓடின.

நாற்பது கிராம்.

விமானம் எழும்பியது. இத்தனை மெதுவாகக்கூட ஒன்று பறக்குமா! சுவர் வரைக்கும் போனது, அவசரமே இல்லாமல் திரும்பியது, மறுபடி வந்தது. ஆறுச்சாமிக்குக் கண் கலங்கிவிட்டது. பார்த்தீர்களா என்று கேட்கத் திரும்பினார். ஜெசிந்தா முதுகைக் காட்டிக்கொண்டு தண்ணீர் பாட்டிலைத் திறந்துகொண்டிருந்தாள்.

நான்காவது நிமிடத்தில் மோட்டார் சத்தம் தளர்ந்தது. கீழே சிமெண்ட் தரை. ஆறுச்சாமியின் இரண்டு கையும் ரிமோட்டில் இருந்தன.

“மாஸ்டர்,” என்றார் மெதுவாக.

அவள் திரும்பவில்லை.

“மாஸ்டர்...”

அவள் ஒரு மிடறு தண்ணீர் குடித்தாள்.

விமானம் ஆள் உயரத்துக்கு இறங்கிவிட்டது. பிறகு தோள் உயரம்.

“பிடிங்க!” என்று அலறினார் ஆறுச்சாமி. கோர்ட்டே அதிர்ந்தது. “யாராச்சும் பிடிங்க!”

ஆறு பேர் கையை ஏந்திக்கொண்டு ஓடி வந்தார்கள்.