ராஜாவுக்குச் சொந்தமான கட்டைகள்

வேங்கைப்பட்டினத்து மன்னர் இளவேட்டன் நல்ல மனுஷர்தான். என்ன, எடுப்பார் கைப்பிள்ளை. கடைசியாக யார் பேசினார்களோ அவர்கள் சொன்னதுதான் அவருக்கு வேதம். அதனால் கடைசியாகப் பேசுவதற்கென்றே தினமும் காத்திருப்பார் ஒருவர். தண்டல் அதிகாரி அரங்கதேவர். வரி போடாமல் விட்டது ஊரில் காற்று ஒன்றுதான்.

அந்தக் காற்றே ஒரு ஐப்பசியில் பேய் பிடித்ததுபோல அடித்து, பாதி ஊர் மரங்களைச் சாய்த்துவிட்டுப் போனது. ஊரே தலையில் கை வைத்து உட்கார்ந்திருக்க, சந்தோஷப்பட்டவள் கடைசல்காரி உலகம்மை ஒருத்திதான். அவள் புருஷன் மாசானம் கயிறு இழுத்துக் கட்டையைச் சுழற்றுவான். அவள் உளி பிடிப்பாள். வேர்க்கட்டை ஒன்று கிடைத்தால் போதும், கிண்ணமாக, சிமிழாக, பம்பரமாக உருண்டு வரும்.

இருவரும் வண்டி கட்டிக்கொண்டு வீடு வீடாகப் போனார்கள். "வேண்டாத கட்டை கிடக்கா?" என்று கேட்டால், "மகராசி, முதல்ல இதை எடுத்துட்டுப் போ" என்று கும்பிடாத குறை. உலகம்மை கட்டையை விரல் முட்டியால் தட்டிக் காது கொடுத்துக் கேட்பாள். உளுத்ததென்றால் சும்மா கொடுத்தாலும் தொடமாட்டாள். நல்லதென்றால் தோண்டி எடுத்து, குழியை மூடி மிதித்துவிட்டுத்தான் கிளம்புவாள். அது அவர்கள் தொழில் வழக்கம்.

அப்படி வந்த ஒரு வேப்பம்வேரில் கடைந்த குங்குமச் சிமிழ் மகாராணி கைக்குப் போனது. ராணி அதைக் கீழே வைக்கவே இல்லை. அரங்கதேவர் கொடுத்திருந்த தந்தச் சிமிழ் மூலைக்குப் போனது. மனுஷருக்கு வயிறு எரிந்தது. மறுநாளே இருவரையும் சபையில் கொண்டுவந்து நிறுத்திவிட்டார்.

"மரம் முளைத்தது மன்னர் மண்ணில். நின்றாலும் மன்னர் மரம், விழுந்தாலும் மன்னர் மரம். இவர்கள் வண்டி வண்டியாகத் திருடியிருக்கிறார்கள்."

"அட, ஆமாம்" என்றார் மன்னர். "திருடினால் நாடு கடத்த வேண்டியதுதான்."

உலகம்மை பதறிப்போனாள். "கூப்பிட்டுக் கொடுத்தாங்க சாமி. கோடாலி இறங்காத கட்டை, அடுப்புக்குக்கூட ஆகாது. பட்டறையை விட்டா எங்களுக்கு வேற பொழைப்பு கிடையாது. நாங்க எங்கே போவோம்?"

மன்னருக்குப் பக்கத்தில் வெற்றிலை மடித்துக் கொடுக்கும் அடைப்பக்காரர் பூவணன் நின்றிருந்தார். காம்பைக் கிள்ளிக்கொண்டே வாயைத் திறந்தார்.

"அதிகாரி சொல்வதுதான் நியாயம், மன்னா."

'நீயுமா பாவி' என்று உலகம்மை அவரைப் பார்த்தாள்.

"ஆனால் மன்னர் சொத்து இப்படித் தெருவில் கிடக்கலாமா? விழுந்த மரமெல்லாம் மன்னர் மரம் என்று முரசு அறைந்து சொல்லிவிட்டு, அதிகாரியே முன்னின்று எல்லாவற்றையும் அரண்மனையில் சேர்க்கட்டும். எவ்வளவு திருட்டுப் போனது என்று அப்புறம்தானே தெரியும்? அதுவரை இவர்கள் ஊரிலேயே கிடக்கட்டும்."

கடைசியாகப் பேசியது பூவணன். மன்னர் தலையாட்டிவிட்டார். அரங்கதேவருக்குப் பெருமை தாங்கவில்லை. பட்டு அங்கவஸ்திரத்தை இழுத்து விட்டுக்கொண்டு கிளம்பினார்.

கிளம்பியவரைச் சிவப்பெறும்பு பிடித்துக்கொண்டது, இடுப்பும் பிடித்துக்கொண்டது. ஆட்களை விரட்டி விரட்டிக் கட்டைகளை அரண்மனை வாசலில் மலையாகக் குவித்தார். உலகம்மையாக இருந்தால் வெட்டுவாயில் தேன்மெழுகு பூசி நிழலில் அடுக்கியிருப்பாள். அதிகாரி யாரையும் கேட்கவில்லை. கேட்டால் கௌரவம் என்ன ஆவது?

பச்சைக் கட்டை வெயிலில் சும்மா இருக்குமா? மன்னர் உண்ட மயக்கத்தில் படுத்திருந்த நேரம் பார்த்துப் படார் படாரென்று வெடிக்க ஆரம்பித்தது. காவலர்கள் ஈட்டியோடு ஓடினார்கள். பட்டத்து யானை கட்டுத்தறியைப் பிடுங்கிக்கொண்டு ஓடியது. மன்னர் தலைப்பாகை இல்லாமல் ஓடி வந்தார்.

"எவன் படையெடுத்து வந்தான்?"

"கட்டை, மன்னா" என்றார் பூவணன்.

மன்னர் பெருமூச்சு விடுவதற்குள் வாசலில் ஊர்க்கூட்டம் வந்து நின்றது. முன்னால் நின்றவர் கோயில் பரிசாரகர் திருவேங்கடம்.

"உங்க மாமரம் எங்க வீட்டுக் கூரையை உடைச்சிடுத்து மகாராஜா. கூரை போட்டுக் கொடுக்கணும்."

"என் மாமரமா?"

"போன வாரம் வரைக்கும் எங்க மரம்னுதான் நெனச்சிண்டிருந்தோம். முரசு அடிச்சப்புறம்தான் தெரிஞ்சது."

அடுத்து ஒரு மோர்க்காரி. "உங்க புளியமரம் எங்க எருமை காலை ஒடிச்சிருச்சு, ராசா."

அவளுக்குப் பின்னால் ஒரு வாணியர். "உங்க அதிகாரி கட்டையைத் தோண்டிட்டுக் குழியை மூடாமப் போயிட்டார். எங்க மாமனார் அதுக்குள்ளதான் இருக்கார். இன்னும் வைதுகிட்டே இருக்கார்."

வரிசை தெருமுனை வரை நீண்டிருந்தது. மன்னர் பூவணன் பக்கம் திரும்பினார்.

"நியாயம் என்று நீர்தானே சொன்னீர்?"

"இப்போதும் அதைத்தான் சொல்கிறேன், மன்னா. மரம் உங்களுடையது என்றால் அது உடைத்ததும் உங்கள் பொறுப்புதானே? வேண்டுமானால் இந்த மரங்களெல்லாம் அவரவர் மரம், அவரவர் விருப்பம்போல யாருக்கும் கொடுக்கலாம் என்று இன்னொரு முரசு அறைந்துவிடலாம். ஆனால் அப்படிச் சொன்னால் உலகம்மை திருடி இல்லை என்று ஆகிவிடும். அதுதான் யோசிக்கிறேன்."

"யோசித்தது போதும், அறையச் சொல்லும்" என்றார் மன்னர்.

கூட்டத்தோடு உலகம்மையும் மாசானமும் வந்திருந்தார்கள். மாசானம் அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதுவிட்டான். உலகம்மை அழவில்லை. வாசலில் குவிந்திருந்ததைத் தட்டிப் பார்த்து, வெடிக்காத நாலு கட்டையை ஒதுக்கினாள். "தங்கமான கட்டையெல்லாம் பாழாப் போச்சு" என்று வாய்விட்டே சொன்னாள்.

மன்னருக்குச் சங்கடமாக இருந்தது. "உன் வேலையைக் கெடுத்ததற்கு ஈடாக, இந்த அரங்கதேவர் ஊர்க் குழிகளை மூடி முடித்ததும் இவரையே தருகிறேன். கயிறு இழுக்க வைத்துக்கொள். சும்மாவே தருகிறேன்."

உலகம்மை ஓரமாக நின்ற அதிகாரியிடம் போனாள். அவர் முதுகில் விரல் முட்டியால் இரண்டு தட்டு தட்டினாள். காதை வைத்துக் கேட்டாள். பிறகு மன்னரைப் பார்த்துக் கும்பிட்டாள்.

"வேண்டாம் சாமி. உளுத்ததை நாங்க எடுக்கிறதில்லை."

மன்னர் சிரித்த சிரிப்பில் வாயிலிருந்த வெற்றிலைச் சாறு தெறித்தது. எங்கே தெறித்தது என்கிறீர்களா? அந்தப் பட்டு அங்கவஸ்திரத்தில்தான்.