சாணிக்குழி கலக்கின நாள்

கனகசபாபதி ஐயா எங்க குடிலுக்கு வந்து சேர்ந்தப்ப அவருக்கு வயசு அறுபத்திரண்டு. ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர். குரு மரகதம்மாவுக்கு நாப்பத்தஞ்சுதான். வயசுல சின்னவங்க முன்னாடி சம்மணம் போட்டு உட்கார வந்திருக்காரேன்னு எனக்கு அவரு மேல பெரிய மரியாதை. அந்த மரியாதை ஒரு வாரம் இருந்துச்சு.

நான் திருமூர்த்தி. குடிலோட மாட்டுப் பண்ணையில டிராக்டர் ஓட்டறேன். நாப்பது மாடு. கொட்டகைத் தரை இடுக்கு விட்டுக் கட்டினது. சாணியும் மூத்திரமும் அந்த இடுக்கு வழியா அடியில இருக்கற பெரிய குழிக்குள்ள இறங்கிடும். ஆறு மாசத்துக்கு ஒருக்கா அதைக் கலக்கி, டேங்கர்ல ஏத்தி, சோளக்காட்டுக்கு அடிப்போம்.

கலக்கறதுக்கு முந்தின நாள் சாயங்காலம் ஐயா அம்மா முன்னாடி வந்து உட்கார்ந்தாரு. நான் பக்கத்துல, டிராக்டர்ல மாட்டற கலக்கி மிஷினுக்கு கிரீஸ் வெச்சுக்கிட்டிருந்தேன்.

"மக போன் பண்ணினா அம்மா. வெள்ளிக்கிழமை பேரனுக்குக் காது குத்தாம்."

"சந்தோசமுங்க."

"ரெண்டு வருசத்துக்கு முன்னால சோத்துத் தட்டைத் தூக்கி எறிஞ்சேன். அவ நெத்தியில பட்டுடுச்சு. 'கோபம் போனதுக்கப்புறம் இந்த வீட்டுப் படியேறுங்க'ன்னுட்டா. அதுக்குத்தான் இங்க வந்தேன். இப்ப, உங்க குரு சரின்னு சொன்னா வாங்கங்கறா."

அவரு குரல் கம்மிப் போச்சு. கேக்கவே பாவமா இருந்துச்சு.

"கோபம் போயிடுச்சுங்களா?"

"சுத்தமா அம்மா. ஒரு வருசமா தேடிப் பாக்கறேன். வர்றதே இல்லை."

என் கையில இருந்த கிரீஸ் டப்பா நழுவிக் கீழ விழுந்துடுச்சு.

"ஏய் டிராக்டர்! மூளை இருக்கா உனக்கு? தரையெல்லாம் பாழு!" அப்படின்னு ஐயா ஒரு அதட்டுப் போட்டுட்டு, அம்மா பக்கம் திரும்பினாரு. "போலாமா அம்மா?"

அம்மா சிரிக்கலை. "நாளைக்குக் குழி கலக்கணுமுங்க. அதை முடிச்சுட்டுப் பேசலாம்."

குழி கலக்கறதுக்கு எங்க பண்ணையில ஒரு வழக்கம் உண்டு. மாட்டையெல்லாம் வெளிய ஓட்டி, ரெண்டு பக்கக் கதவையும் திறந்து விடணும். அப்புறம் டிராக்டர்ல இருக்கறவன் "காலியா?"ன்னு கேக்கணும். மாடு ஓட்டினவரு உள்ள எட்டிப் பாத்து "காலி"ன்னு சொல்லணும். இப்படி மூணு தடவை. மூணு தடவையும் பாத்துத்தான் சொல்லணும். ஏன்னா, மேல காஞ்சு கிடக்கற ஏடு உடைஞ்சா, அடியில அடைஞ்சு கிடக்கற வாயு ஒரேயடியாக் கிளம்பும். அழுகின முட்டை நாத்தம். ஆளையே சாய்ச்சுடும். கலக்க ஆரம்பிச்சா அரை மணி நேரத்துக்கு ஒரு ஈ காக்கா உள்ள போகக்கூடாது.

புதன்கிழமை காலையில மாடு ஓட்டற வேலை ஐயாவுக்கு.

"காலிங்களா?"ன்னு கேட்டேன்.

"காலி."

"காலிங்களா?"

"ஒரு தடவை சொன்னாப் புரியாதா? முப்பது வருசம் ஆயிரம் பசங்களை எண்ணினவன்யா நான். எடு வண்டியை!"

மூணாவது தடவை நான் கேக்கலை. கேட்டிருக்கணும். எப்படியோ போகட்டும்னு வண்டியை முடுக்கிட்டேன்.

பத்து நிமிசம் ஆயிருக்கும். வெளிய நின்ன செவலைப் பசு கொட்டகையைப் பாத்துக் கத்துச்சு. உள்ளேயிருந்து பதிலுக்கு ஒரு சின்னக் குரல். பொறந்து நாலு நாளான அதோட கன்னு, தீவனத் தொட்டிக்குப் பின்னாடி வைக்கோல்ல படுத்துக் கிடந்திருக்குது.

"ஐயோ, என் தப்பு!"ன்னு ஐயா உள்ள ஓடிட்டாரு.

"நிறுத்து! நிறுத்து!"ன்னு அம்மா ஓடி வந்தாங்க. நான் வண்டியை நிறுத்திட்டு அவரு பின்னாடி பாய்ஞ்சேன். அம்மா என் சட்டையைக் கொத்தாப் புடிச்சுக்கிட்டாங்க.

"நீயும் போனா ரெண்டு பேரும் இல்லை."

உள்ளேயிருந்து ஐயா இருமற சத்தம். அப்புறம் அவரு குரல், நல்லாத் தெளிவா, "வாசல்லதான் நாத்தம் குடலைப் புடுங்குச்சு. இங்க நாத்தமெல்லாம் போயிடுச்சு! சும்மா பயப்படறீங்க!"

அம்மா முகம் வெளுத்துப் போச்சு. அவங்க கத்தி நான் கேட்டது அன்னிக்கு மட்டுந்தான்.

"ஐயா! கன்னை விட்டுட்டு வெளிய வாங்க! உடனே!"

உள்ள இருமல் சத்தமும் நின்னு போச்சு.

செவலைப் பசு மறுபடி கத்துச்சு. கன்னு பாய்ஞ்சு வந்துச்சு. அது கழுத்துக் கயித்தை ஐயா கையில சுத்தி வெச்சிருந்தாரு. தள்ளாடிக்கிட்டே பின்னாடி வந்தவரு வாசப்படியில தொப்புன்னு விழுந்தாரு. நானும் அம்மாவும் மூச்சை அடக்கிக்கிட்டு ஆளுக்கொரு கையைப் புடிச்சு, காத்து வர்ற பக்கமா வேப்ப மரத்தடிக்கு இழுத்துப் போட்டோம். கன்னும் பக்கத்துலயே சாய்ஞ்சு கிடந்து இளைச்சுது. ரெண்டு உசுரும் பொழைச்சுது.

ஐயாவை ஒரு ராத்திரி ஆஸ்பத்திரியில வெச்சிருந்து, வியாழக்கிழமை மத்தியானம் அனுப்பினாங்க. நான் சோளக்காட்டுல டேங்கர் ஓட்டிக்கிட்டிருந்தேன். அம்மா வரப்புல நின்னு, எங்க அடிச்சாச்சு, எங்க பாக்கின்னு பாத்துக்கிட்டிருந்தாங்க. ஐயா துண்டைப் போத்திக்கிட்டு மெதுவா நடந்து வந்தாரு. நான் வளைச்சுத் திருப்பறதுக்காக அவங்க பக்கத்துல வண்டியை நிறுத்தினேன்.

"நாத்தம் போயிடுச்சுன்னுதான் அம்மா நினைச்சேன்."

"நாத்தம் போகலைங்க. உங்க மூக்கு போயிடுச்சு. வாயு ஏற ஏற மூக்கு மரத்துடும்."

ஐயா துண்டை இழுத்துப் போத்திக்கிட்டாரு.

"மூக்கே மரத்துப் போனவனுக்கு எப்படி அம்மா தெரியும்?"

"பக்கத்துல நிக்கறவங்களைக் கேக்கணுமுங்க."

அவரு சுத்திமுத்திப் பாத்தாரு. அம்மாவையும் என்னையும் விட்டா அங்க வேற யாரும் இல்லை. வண்டிக்கிட்ட வந்தாரு.

"எனக்குக் கோபம் இன்னும் இருக்கா?"

நான் அம்மாவைப் பாத்தேன். அவங்க சோளத்தைப் பாத்தாங்க. வண்டியை அணைச்சேன்.

"ரெண்டாவது தடவை கேட்டதுக்கே கத்தினீங்க. அதனால மூணாவது தடவை நான் கேக்கலை. கேட்டிருந்தா நீங்க கன்னைப் பாத்திருப்பீங்க. நீங்க செத்திருந்தா, நான் எப்படிங்க சோறு திம்பேன்? தினமும் கத்தறீங்க. வாளிக்குக் கத்தறீங்க, செருப்புக்குக் கத்தறீங்க. உங்க குரல் கேட்டா பால்காரம்மா சந்து வழியாப் போயிடுது. ரெண்டு வருசமா என்னை டிராக்டர்னுதான் கூப்பிடறீங்க. எம் பேரு தெரியுங்களா?"

ஐயாவுக்குக் காது ரெண்டும் சிவந்துச்சு. வாயைத் திறந்தாரு. சரி, இன்னிக்குச் செமத்தியா வாங்கப் போறோம்னு நான் ஸ்டியரிங்கைக் கெட்டியாப் புடிச்சுக்கிட்டேன்.

அவரு வாயை மூடிக்கிட்டாரு. வரப்புல அப்படியே உட்கார்ந்துட்டாரு.

"உங்க பேரென்னங்க?"

"திருமூர்த்திங்க."

தலையைக் குனிஞ்சுக்கிட்டு அந்தப் பேரை ஒருக்கா மெதுவாச் சொல்லிப் பாத்தாரு. அப்புறம் துண்டால முகத்தைத் துடைச்சுக்கிட்டு அம்மாவை நிமிர்ந்து பாத்தாரு.

"கோபம் போகலை அம்மா. அப்படியே இருக்குது. இப்ப அந்த நாத்தம் எனக்கே அடிக்குது."

"அப்பச் சரிங்க," அப்படின்னாங்க அம்மா. "அஞ்சரை பஸ்ஸுக்கு மக வீட்டுக்குக் கிளம்புங்க."