ஜெபக்கனியின் அறை

பாளையங்கோட்டையில் வீட்டு உள்அலங்காரம் சொல்லிக்கொடுத்துவந்த செண்பகத்திடம், நாற்பத்தெட்டு வயதில் மாணவராகச் சேர்ந்தார் வேதமணி. ஆசிரியைக்கு அவரைவிடப் பதினான்கு வயது குறைவு. அவர் 'டீச்சர்' என்பார். செண்பகம் 'அண்ணாச்சி' என்பார்.

ஒருநாள் வகுப்பு முடிந்த பிறகும் வேதமணி எழவில்லை.

"என்ன அண்ணாச்சி?"

"வீட்டுல ஒரு அறை செஞ்சேன் டீச்சர். அதுல என்ன குறைன்னு தெரியல."

அவர் மனைவி ஜெபக்கனி சைகை மொழிபெயர்ப்பாளர். காது கேளாதவர்கள் மருத்துவரைப் பார்க்கப் போனால், வீட்டிலிருந்தே வீடியோவில் வந்து இருவர் பேச்சையும் மாற்றிச் சொல்வது அவர் வேலை. படுக்கையறை மூலையில் உட்கார்ந்து அதைச் செய்துகொண்டிருந்தார். அவர் தங்கை வீட்டுக்குப் போயிருந்த பத்து நாளில், வேதமணி மாடி அறையை அவருக்கான அலுவலகமாக மாற்றிவிட்டார். தேக்கு மேஜை, சுழல் நாற்காலி. நாற்காலிக்குப் பின்னால் சுவர் முழுக்க அலமாரி. அதில் புத்தகங்கள், பித்தளைக் குதிரை, தொட்டிச் செடி, தட்டுக்குத் தட்டு மஞ்சள் விளக்கு.

"பாத்துட்டு என்ன சொன்னாங்க?"

"கண்ணு கலங்கிட்டா. ஆனா மூணு நாள்தான் அங்க உட்கார்ந்தா. இப்ப சமையலறை ஜன்னல்கிட்ட ஸ்டூலப் போட்டு வேலை பாக்கா. கேட்டா, இங்க காத்து வருதுங்கா."

"மாடி அறை சும்மா கெடக்கா?"

"தினமும் தூசி தட்டுதா. செடிக்குத் தண்ணி ஊத்துதா. அதத்தான் என்னால தாங்க முடியல."

மறுநாள் காலை செண்பகம் அவர்கள் வீட்டுக்குப் போனார். அலமாரியின் மூலைகளை விரலால் தடவிப் பார்த்தார்.

"வேலை சுத்தம்" என்றார்.

பிறகு ஜெபக்கனியை அந்த நாற்காலியில் உட்காரச் சொன்னார். வேதமணியைக் கீழே அனுப்பினார்.

"அக்கா வீடியோல கூப்பிடுவாங்க. கையால ஒண்ணு கேப்பாங்க. அது என்னன்னு வந்து சொல்லுங்க அண்ணாச்சி."

மனைவியோடு இருந்து அவரும் சைகை ஓரளவு பழகியிருந்தார். போனைப் பிடித்தபடி போனவர், நெற்றியைச் சுருக்கிக்கொண்டு திரும்பினார்.

"என்ன கேட்டாங்க?"

"சரியாத் தெரியல டீச்சர்."

"என்ன தெரிஞ்சுது?"

"அலமாரி. குதிரை. விளக்கு."

"அக்கா கை?"

வேதமணி போனையே பார்த்துக்கொண்டு நின்றார். "பின்னால விளக்கு எரியுறதுல இருட்டா இருந்துச்சு" என்றார்.

ஜெபக்கனிதான் பேசினார். "ஒரு அம்மாவுக்கு மாத்திரைய சாப்பாட்டுக்கு முன்னால போடணும்னு சொன்னேன். அவங்க பின்னாலன்னு எடுத்துக்கிட்டாங்க. டாக்டர் திருப்பிக் கேட்டதால தப்பிச்சுது. அன்னைக்கே கீழ எறங்கிட்டேன்."

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"அலமாரிக்கு உப்புத்தாள் தேச்சு உங்க கையெல்லாம் கொப்புளம். நான் எந்த வாயால சொல்ல?"

வேதமணி போனைச் சட்டைப்பையில் வைத்தார். "இப்ப என்ன கேட்ட?" என்றார்.

ஜெபக்கனி எழுந்து வாசல் வெளிச்சத்துக்கு வந்து, அதே சைகையை மறுபடி செய்தார்.

"கோபமான்னு கேக்கா டீச்சர்" என்றார் வேதமணி. மனைவியைப் பார்த்து இல்லையென்று தலையாட்டினார். பிறகு ஒரு தாளை எடுத்து, "ஒனக்கு என்னெல்லாம் வேணும், சொல்லு" என்றார்.

ஜெபக்கனி கேட்டது அதிகமில்லை. பின்னால் ஒரே நிறத்தில் வெறும் சுவர். வெளிச்சம் முகத்துக்கு நேராக வர வேண்டும். கை வீச இடம் வேண்டும். முழங்கை எதிலும் இடிக்கக் கூடாது. அடுத்த ஞாயிறுக்குள் கூடத்து ஜன்னலுக்கு எதிரே, கருநீலச் சுவருக்கு முன்னால், ஒரு சின்ன மேஜை வந்துவிட்டது. அந்த இடத்தை விட்டு ஜெபக்கனி மாறவில்லை.

திங்கட்கிழமை வேதமணி வகுப்புக்குச் சீக்கிரமே வந்தார்.

"மாடி அறையப் பிரிச்சிரவா டீச்சர்?"

"அந்த நாற்காலில நீங்க உட்கார்ந்து பாத்திருக்கீங்களா?"

"பாத்திருக்கேன். அவ்வளவு சொகமா இருந்துச்சு. ஒருநாள் மத்தியானம் அப்படியே தூங்கிட்டேன்."

"பிரிக்காதீங்க" என்றார் செண்பகம். "அண்ணாச்சிக்கு ஏத்த மாதிரி அளவெடுத்துச் செஞ்ச அறை அது."